மாட்டுக் கொட்டகையில் புலி

முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று தட்டைச் சுழற்றுகிறவளுக்கு முதலில் வயசாவது முதுகுக்குத்தான். சியூ லானுக்கு முப்பது முடியவில்லை. முதுகைக் கேட்டால் அறுபது என்று சொல்லும். மலாய்ச் சீமையின் சுங்கை பீசாங் ஓடையில் அவளோடு பதினோரு பெண்கள் நின்றார்கள். எல்லாரும் ஹக்கா பேசுகிற சீனத்திகள். எல்லார் தலையிலும் நீலத்துணி, அதற்குமேல் ஓலைத்தொப்பி, கையில் அகலமான மரத்தட்டு. மணலை அள்ளித் தண்ணீர் மொண்டு சுற்றச் சுற்ற, லேசான வெள்ளை மணல் வெளியே வழிந்து ஓடும். கனத்தது மட்டும் அடியில் கருகருவென்று தங்கும். அந்தக் கருமணல்தான் ஈயம்.

"ஆம்பளைங்களும் இந்த வெள்ள மணலுதான்டி," என்பாள் லோக் சிம். அம்பது வயசு விதவை, வாயில் எப்போதும் அணைந்த சுருட்டு. "ரெண்டு சுத்து சுத்தினா ஓடிப்போயிருவானுங்க. அடியில தங்கறது நாமதான்."

மற்றவர்கள் சிரித்தார்கள். சியூ லான் சிரிக்கவில்லை. அவளுடைய வெள்ளை மணல் ஓடி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

கடலுக்கு அப்பால் எங்கேயோ ஈயத்தின் விலை விழுந்ததாம். விழுந்தது அங்கே, அடிபட்டது இங்கே. நியாயம் கேட்கப் போனால் பதில் சொல்ல ஆள் கிடையாது. ஈயம் தோண்டுகிற சுரங்கங்களை, ஒவ்வொரு லம்பமாக மூடினார்கள். ராத்திரி பகலாய் மண்ணைக் கரைத்த குழாய்கள் துருப்பிடித்துக் கிடந்தன. தோண்டிய பள்ளங்களில் மழைத்தண்ணீர் நிறைந்து பச்சையாய் நின்றது. லம்பத்து ஆண்கள் காப்பி குடிக்க வழியில்லாமல் காப்பிக்கடை வாசலில் குந்தியிருந்தார்கள். கடைசியில் சர்க்கார் இலவசக் கப்பல் விட்டது, சீனத்துக்குத் திரும்புகிறவன் திரும்பலாம் என்று. ஓடையில் ஈயம் அரிக்க சர்க்கார் தருகிற பாஸ் மட்டும் பெண்களுக்கென்று இருந்தது. அதை வைத்துத்தான் அந்தக் கம்பத்துக் குடிசைகளில் அடுப்பு எரிந்தது.

சியூ லானின் புருஷன் ஆ-ஃபாட் பெட்டியைக் கட்டிய நாளை அவள் மறக்கவில்லை.

"நீ பாஸை விட்டுறாத. விட்டா திரும்பக் கெடைக்காது. நான் பையனக் கூட்டிட்டுப் போறேன். லம்பம் தொறந்ததும் மொதக் கப்பல்ல வந்துருவேன்."

"பொண்ணையும் கூட்டிட்டுப் போங்களேன். அங்க ஒங்கம்மா பாத்துக்குவாங்கல்ல?"

அவன் கயிற்று முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்கம்மா என்ன சொன்னாங்கன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். மகள் யின் சீனக் கணக்கில் புலி வருஷத்தில் பிறந்தவள். அதிலும் பொழுது சாயும் நேரம், புலி பசித்து எழும் வேளை. பசித்த புலியாய்ப் பெண் பிறந்தால் பிறந்த வீட்டைத் தின்னும், வாழப்போன வீட்டில் மாமியாரைத் தின்னும் என்பார்கள். 'அதை என் வாசப்படி ஏத்தாதே' என்று மாமியார் கடுதாசி போட்டிருந்தாள். வேலை போனதும் புலியால், வீட்டுக்கூரை ஒழுகுவதும் புலியால், வெள்ளைக்காரன் ஊரில் விலை விழுந்ததும் இந்த நண்டுசிண்டு புலியால்! அதனால் புருஷனும் பையனும் கப்பல் ஏறினார்கள். சியூ லான் மகளோடு நின்றுகொண்டாள். நின்றவள் முதல் வேலையாக மகளுக்கு ஒரு பொய்யைச் சொல்லிக்கொடுத்தாள்.

"யாரு கேட்டாலும் என்ன வருஷம்னு சொல்லணும்?"

"மாட்டு வருஷம்."

"வேற எதயாச்சும் சொன்னா?"

"நாக்கு அழுகிரும்."

புலிக்கு முந்தின வருஷம் மாடு. ஒரு வயசைக் கூட்டிச் சொன்னால் போதும், மாட்டுப் பெண் சாது, பாடுபடுவாள், யாரும் வெறுக்க மாட்டார்கள்.

கஞ்சி நீர்த்துக்கொண்டே போனது. அரிசி குறைந்து மரவள்ளி கூடியது. பிறகு மரவள்ளி மட்டும். ஒருநாள் ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்த யின்னின் கால் பளபளவென்று இருப்பதைப் பார்த்தாள் சியூ லான். சதை போட்டிருக்கிறதோ என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டாள், பாவம். கிட்டே வந்து கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்தினாள். எடுத்தபோது குழி அப்படியே நின்றது, ஈரக்களிமண்ணில் அழுத்தின மாதிரி. அது மேலே வரவே இல்லை.

லோக் சிம்மும் வந்து அழுத்திப் பார்த்தாள். சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள். அவள் சுருட்டை எடுத்தால் விஷயம் பெரிசு என்று எல்லாருக்கும் தெரியும்.

"இந்த வீக்கம் வயித்துக்கு ஏறிச்சின்னா அப்புறம் நம்ம கையில இல்லடி. இது நோவு இல்ல. பசி. மருந்துக்கடைக்காரன் முட்டை குடு, பயறு குடும்பான். அதுக்கு அவன் கடைக்குப் போவானேன், நானே சொல்லிட்டுப் போறேன்."

"இங்க யாருகிட்ட இருக்கு ஆ-சிம் முட்ட?"

"யாருகிட்டயும் இல்ல. அதான் சொல்றேன், இருக்கற எடத்துக்கு அனுப்பு."

மருந்துக்கடைக்காரனின் சொந்தத்தில் ஒரு குடும்பம், பின்னாளில் மகனுக்குக் கட்டிக்கொள்ளப் பெண்குழந்தை தேடிக்கொண்டிருந்தது. தரகுக்காரி வந்தாள். நல்ல பேச்சு, நல்ல சிரிப்பு. யின்னின் வாயைத் திறக்கச்சொல்லி முன்பல்லை விரலால் ஆட்டிப் பார்த்தாள்.

"மாட்டு வருஷம்னா இந்நேரம் பல்லு விழுந்து மொளச்சிருக்கணுமே? இது இப்பத்தான் ஆடுது. மாடுன்னு நீ சொல்ற, புலின்னு பல்லு சொல்லுது." முந்தானையைத் தட்டிக்கொள்கிறவள் மாதிரி சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "நல்லவேள. அந்தக் குடும்பத்துல நான் தல காட்டணும்ல."

ஒரே வாரத்தில் கம்பத்துச் சீனர் வீடுகள் அத்தனையும் சாத்திக்கொண்டன.

அப்போதுதான் பால்காரி குறுக்கே வந்தாள். பேர் காத்தாயி, தமிழச்சி. மூடிய லம்பத்துக்கு அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டகை போட்டிருந்தாள், மூன்று பசு. தபால்கிராணி வீட்டுக்கும் போலீஸ் வீட்டுக்கும் பால் ஊற்றிவிட்டு ஓடைமேல் போட்ட பலகைப் பாலம் வழியாகத்தான் திரும்புவாள். பதினாலு வருஷமாக வயிறு திறக்கவில்லை என்று கம்பத்துக்கே தெரியும். யின்னின் காலைப் பார்த்தவள் செம்பை இறக்கி வைத்துவிட்டாள்.

"அட என் கண்ணு, இதென்னடி காலு!" என்று தன் பாஷையில் பதறினாள். பிறகு சியூ லானிடம் சந்தை மலாயில் சொன்னாள். இருவருக்கும் அதில் ஆளுக்கு ஐம்பது வார்த்தைதான் தெரியும். "புள்ள காலு நல்லால்ல. பால் குடிக்கட்டும். காசு வேணாம்."

முதல் நாள் யின் குமட்டித் துப்பினாள். "பின்ன? மாட்டு நாத்தம்," என்று லோக் சிம் மூக்கைப் பிடித்தாள். இரண்டாம் நாள் குடித்தாள். பத்தாம் நாள் பலகைப் பாலத்தில் போய் நின்றுகொண்டு காத்தாயி வருகிற வழியைப் பார்த்தாள். இருபதாம் நாள் காத்தாயி கேட்டேவிட்டாள்.

"எனக்குக் குடு. நான் வளக்குறேன்."

சியூ லான் தட்டை நிறுத்தவில்லை. மணல் மொத்தமும் கொட்டிப்போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன வருஷம்?" என்று காத்தாயி கேட்கவில்லை. தமிழச்சிக்கு அது தோன்றாது. சியூ லானாகத்தான் சொன்னாள், கேட்காத கேள்விக்குப் பதிலாக. "இது மாட்டு வருஷத்துப் புள்ள."

அதைப் புரிந்துகொண்டபோது காத்தாயிக்கு முகமெல்லாம் பல். "மாடா! அப்ப என் வூட்டுப் புள்ளதான்!"

கொடுத்த அன்று காலையில் சியூ லான் காப்பிக்கடையில் ஒரு முட்டை கடன் வாங்கி, நல்ல காரியத்துக்குச் செய்கிற மாதிரிச் சிவப்புச் சாயத்தில் அவித்தாள். காத்தாயியும் அவள் புருஷன் பொன்னுரங்கமும் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அவன் மடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். சியூ லான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். விற்கிறவள்தான் வாங்குவாள்.

"எத்தன நாளு அங்க இருக்கணும்?" என்று யின் கேட்டாள்.

"கால் வத்துற வரைக்கும்."

"வத்தினதும் நீ வருவியா?"

"வருவேன்."

லோக் சிம் நடுவில் வந்து நின்றாள். "திரும்பிப் பாக்காம போடி யின். நீயும் பாக்காத சியூ லான். நூறு நாள். நூறு நாளைக்குப் பெத்தவ மொகம் கண்ணுல படக்கூடாது. பட்டா அதுவும் ஒட்டாது, ஒனக்கும் ஆறாது. நம்ம வழக்கம் அது. பால்காரி, நீயும் இனிமே சுத்துவழியாப் போ."

யின் முட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கொஞ்சம் கேட்காமல் இருந்திருந்தால்தான் என்ன என்று சியூ லானுக்கு இருந்தது.

அதற்குப் பிறகு ஓடையில் அவளுக்குப் பொழுது போனதே புகையை வைத்துத்தான். சாயங்காலம் காத்தாயி கொட்டகையில் கொசுவுக்குச் சாணிவரட்டி மூட்டம் போடுவாள். தகரக்கூரைக்கு மேல் அந்தப் புகை எழுந்தால் யின் முகம் கழுவியிருப்பாள், எழவில்லை என்றால் இன்னும் விளையாடுகிறாள் என்று இவளாகக் கணக்கு வைத்துக்கொண்டாள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் நின்று மூச்சை இழுப்பாள். பால் நாற்றம் பிடிக்காதவள் சாணிப்புகைக்கு ஏங்கினாள். வீட்டில் கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, ஒன்றைத் திரும்பச் சட்டியில் கவிழ்ப்பாள். இப்படி எத்தனை நாள் என்று அவளே எண்ணவில்லை, நூறு நாளை மட்டும் எண்ணினாள்.

தொண்ணூற்று நாலாம் நாள் ஆ-ஃபாட்டின் கடுதாசி வந்தது. மருந்துக்கடைக் கணக்கன் வாசித்தான்.

"சொகமா இருக்கோம். அங்க வர்ற கப்பல்ல இனிமே இத்தன ஆம்பளைங்கதான்னு எண்ணிக்க வெச்சுட்டாங்க. சீட்டு வெலையும் எகிறிப்போச்சு. இந்த வருஷம் என்ன எதிர்பாக்காத. பையன் பள்ளிக்கூடம் போறான். பொண்ண யாருக்காச்சும் குடுக்கறதா இருந்தா குடுத்துரு."

"என்னப் பத்தி?"

"ஒடம்பப் பாத்துக்கன்னு இருக்கு."

"அவ்ளோதானா?"

கணக்கன் தாளைத் திருப்பிக் காட்டினான், பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "அவ்ளோதான்க்கா."

மறுநாள் மழையோடு ஒரு செய்தி வந்தது. பால்காரியின் கன்றுக்குட்டி செத்துப்போனதாம். லோக் சிம்தான் வெற்றிலை வாங்கப்போன இடத்தில் கேட்டுக்கொண்டு வந்தாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சியூ லானின் முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள், வந்தது வேறொன்று.

"ஆ-சிம், நான் போய் உண்மையச் சொல்லப்போறேன்."

"எந்த உண்மைய?"

"அவ மாடு இல்ல, புலின்னு. மாட்டுக்காரி எவளாச்சும் கொட்டாயில புலிய வெச்சுப்பாளா? இப்பக் கன்னு செத்துச்சு, நாளைக்கிப் பசு சாவும்னு சொல்றேன். தானா திருப்பித் தந்துருவா."

"தந்துருவா. தந்தப்புறம் என்னத்த ஊட்டுவ? புலிக்கு மணலா?"

சியூ லான் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "வீட்டுல பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் வேணும் ஆ-சிம். ஒரே ஒரு பேரு. நான் வாயத் தொறந்து எத்தன நாளாச்சு தெரியுமா? அவரு வரமாட்டாரு. பையன் மொகம் மறந்துபோச்சு. எனக்குன்னு அவ ஒருத்திதான். பசியோ பட்டினியோ, எங்கூட இருக்கட்டும்."

"சோறு இல்லாத வீட்டுல பேருதான் கொறச்சலாப் போச்சு," என்றாள் லோக் சிம். ஆனால் அவள் குரல் முன்போல் கடிக்கவில்லை.

நூறாவது நாள் காலையில் மழை விட்டிருந்தது. சியூ லான் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, யின்னைக் குழந்தையில் சுமந்த முதுகுத்துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். ஆறு வயசுப் பிள்ளையை யாரும் முதுகில் கட்ட மாட்டார்கள். இருந்தாலும் எடுத்துக்கொண்டாள்.

கொட்டகை வாசலில் ஒரு தமிழ்ப் பெண்குழந்தை பசுவைத் தள்ளிக்கொண்டிருந்தது. தலையில் எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னின சடை, காதில் வேப்பங்குச்சி, நெற்றியில் திருநீறு, பூப்போட்ட பாவாடை.

"ஏ லெச்சுமி, நவுருடி! காலு மேல ஏறாத, கழுத!"

என்ன சொல்கிறது என்று சியூ லானுக்கு விளங்கவில்லை. யாரோ அக்கம்பக்கத்துப் பிள்ளை என்று நினைத்துத் தாண்டிப்போக இருந்தாள். அந்தப் பிள்ளை திரும்பியது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

"அம்மா," என்றது. அது ஹக்கா.

சியூ லான் நின்றாள். பெற்ற பிள்ளையைத் தெரியாமல் தாண்டப் பார்த்தோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். அதற்குள் காத்தாயி சாணிக்கையோடு ஓடிவந்தாள். "வா, வா, ஒக்காரு" என்று பலகையைத் துடைத்துப் போட்டாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

சியூ லான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது. நடந்து வரும்போதே கோத்து வைத்திருந்த மலாய் வார்த்தைகளைக் கொட்டினாள். "இவ மாட்டு வருஷம் இல்ல. நான் பொய் சொன்னேன். இவ புலி. கெட்டது. கன்னு செத்துச்சு. இன்னும் சாவும்."

காத்தாயிக்குப் புரியவில்லை. சியூ லான் விரல்களை நகம் மாதிரி வளைத்துக் காட்டினாள். அதுவும் புரியவில்லை. கடைசியில் மகளிடம் திரும்பினாள். "நீ சொல்லு. நீ புலின்னு அவ பாஷையில சொல்லு. மாட்டையெல்லாம் தின்னுருவேன்னு சொல்லு."

யின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"சொல்லுடி!"

பிள்ளை இரண்டு தாயையும் மாறிமாறிப் பார்த்தது. பிறகு தமிழில், தரையைப் பார்த்துக்கொண்டு, சொன்னது. "ஆயி... நான் புலியாம். நான் இருந்தா மாட்டையெல்லாம் தின்னுருவேனாம். கன்னுக்குட்டி என்னாலதான் செத்துச்சாம்." உதடு கோணிக்கொண்டது. அந்தக் கன்றுக்கு மூன்று நாள் கஞ்சி ஊட்டியவளே அவள்தான். அது செத்தபோது கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதவளும் அவள்தான்.

சியூ லானுக்கு வார்த்தை புரியவில்லை, உதடு புரிந்தது. மாமியார் கடுதாசியில் எழுதியதை இப்போது தானே பிள்ளையின் வாயாலேயே சொல்லவைத்துவிட்டோம் என்று அந்தக் கணத்தில்தான் உறைத்தது. கையை நீட்டினாள். பிள்ளை பின்னால் நகர்ந்தது.

காத்தாயி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பிறகு சாணிக்கையோடேயே பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டாள்.

"எவடி சொன்னா ஒன்னால செத்துச்சின்னு? அது சேத்துத்தண்ணியக் குடிச்சிட்டுக் கழிச்சில்ல போச்சு! புலியா நீ? அடி என் தங்கமே, எங்கூரு காளியாத்தா ஏறிவர்ற வாகனமே புலிதான்டி! பதினாலு வருஷமா ஒரு புழு பூச்சி குடுடீன்னு அவ கால்லதானே வுழுந்து கெடந்தேன். புள்ள கேட்டா ஏறிவர்ற புலியவே எறக்கி வுட்டுட்டுப் போயிருக்காளே மகராசி! யோவ், இங்க வாயேன், இதக் கேளேன்!"

பொன்னுரங்கம் புல்லுக்கட்டோடு எட்டிப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, "அதான் நேத்து என் கையக் கடிச்சுதா?" என்றான். யின் அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன சொல்றா?" என்று சியூ லான் கேட்டாள்.

யின் காத்தாயியின் தோளிலிருந்தபடியே ஹக்காவில் சொன்னாள். "அவங்க சாமி புலி மேலதான் ஒக்காந்து வருமாம். நான் வந்தது நல்லதாம்."

தன் கையிலிருந்த ஒரே ஆயுதம் இப்படி மாலையாகிப் பிள்ளையின் கழுத்தில் விழும் என்று சியூ லான் கனவிலும் நினைக்கவில்லை. நல்லதாம். ஆறு வருஷத்தில் அந்தப் பிள்ளை பிறந்ததை நல்லது என்று யாரும் சொன்னதில்லை. பெற்றவளும் சொன்னதில்லை.

சிரிப்பு அடங்கியதும் காத்தாயியின் கண் அந்த மடித்த முதுகுத்துணியின்மேல் போய் நின்றது. பெண்ணுக்குப் பெண் அது புரியாமல் இருக்குமா? பிள்ளையை மெல்லக் கீழே இறக்கினாள். சந்தை மலாயில், ஒவ்வொரு வார்த்தையாக, கேட்டாள்.

"கூட்டிட்டுப் போவ வந்தியா?"

சியூ லான் குந்தி உட்கார்ந்தாள். யின்னின் பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தி, கணுக்காலுக்கு மேலே, அதே இடத்தில், கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பலமாகவே அழுத்தினாள். எடுத்தாள். குழி விழவில்லை. சதை விரலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. இன்னொரு காலிலும் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

யின்னும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வத்திருச்சும்மா," என்றாள் மெதுவாக. "வரணுமா?"

போலாமா என்று கேட்கவில்லை, வரணுமா என்றுதான் கேட்டாள். பக்கத்தில் நின்ற லெச்சுமியின் கயிறு அவள் ஒரு கையில் இருந்தது.

சியூ லான் விரலைச் சட்டையில் துடைத்தாள். ஓடை, நீர்க்கஞ்சி, கவிழ்த்த கிண்ணம் எல்லாம் ஒருதரம் வந்து போயின. "வேணாம்," என்றாள். பிறகு காத்தாயிக்காக மலாயிலும் சொன்னாள். "இல்ல. பாக்கத்தான் வந்தேன்."

காத்தாயி ஓவென்று அழுதுவிட்டாள். அழுதுகொண்டே உள்ளே ஓடி, ஒரு லோட்டாப் பாலைக் கொண்டுவந்து சியூ லானின் கையில் திணித்தாள். "நாளையிலேர்ந்து சுத்துவழி இல்ல. ஓடைப் பக்கமே வரேன். இவளும் வருவா. தெனம்," என்று மலாயிலும் தமிழிலும் கலந்து சொல்லி, பாலத்தின் திசையைக் காட்டிக் காட்டிப் புரியவைத்தாள். சியூ லான் பாலை மூக்கைப் பிடிக்காமல் குடித்தாள். பிள்ளையின் தலையில் அடித்த அதே வாசனை.

முதுகுத்துணியைப் பலகையின்மேல் வைத்துவிட்டு எழுந்தாள். யின் வாசல்வரை கூடவே வந்தாள். ஏதோ கேட்கவேண்டியிருந்தது அவளுக்கு.

"அம்மா, யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னியே. நாக்கு அழுகிரும்னியே. இப்ப நான் சொல்லிட்டேனே?"

சியூ லான் அவள் வாயைத் திறக்கச்சொல்லிப் பார்த்தாள். விழுந்த பல்லின் இடத்தில் வெள்ளையாக ஒரு முனை எட்டிப்பார்த்தது.

"அழுகல. இங்க சொல்லலாம்."

"சத்தமாவா?"

"சத்தமாவே சொல்லலாம்."

யின் கையை நகமாக வளைத்துக்கொண்டு, கொட்டகைக்குள் பாய்ந்து, மூன்று பசுக்களுக்கும் முன்னால் நின்று உறுமினாள். லெச்சுமி அசைபோடுவதை நிறுத்தாமல் அவளை ஒரு பார்வை பார்த்தது.

சியூ லான் இந்தத் தடவையும் திரும்பிப் பார்க்காமல்தான் நடந்தாள். பார்த்தால் போகமுடியாது. அந்த உறுமல் மட்டும் பலகைப் பாலம் வரைக்கும் கேட்டது. அங்கே நின்று, கேட்டு முடித்துவிட்டு, ஓடையில் இறங்கினாள்.